புறம்போக்கு யாருடையது?

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் ஒருவனை இழித்துரைக்க வேண்டுமாயின் ‘புறம்போக்கு’ என்னும் சொல்லை எடுத்து வீசுகின்றனர். எதற்கும் உதவாதவன், கேட்பாரற்றவன், யாருக்கும் உரியனல்லாதவன் என்பது அவ்வசையின் பொருள். ஒரு நல்ல தமிழ்ச்சொல் வசைச்சொல்லாகிய கதையை அறிந்தவர், தமிழ் நிலம் பறிபோன கதையையும் அறிந்தவராவர். இரண்டும் ஒரே கதையே.

வரிக்கணக்கினின்றும் புறத்தே போக்கப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரி, குளம், ஊருணி, வாய்க்கால், மேய்ச்சற்புலம், நெற்களம், மந்தைவெளி, வண்டிப்பாதை, தோப்பு, சுடுகாடு ஆகிய இவை தனியொருவர்க்கு உரியன அல்ல. ஊரார் அனைவர்க்கும் உரியன. அனைவர்க்கும் உரியதன்மேல் வரி விதித்தல் முறையன்று என்பதால் இவை வரிக்குப் புறமாயின. வரி இல்லை என்பதே அங்குப் பொருள். உரியவர் இல்லை என்பது பொருளன்று. இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்பியதிலேதான் ஊர்களின் வீழ்ச்சி தொடங்கியது.

பெயர் சொல்லி ஒதுக்கிய காலம்

நிலத்தை அளத்தல் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1001-ஆம் ஆண்டில், சோழநாட்டு நிலம் அளக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086-இல், மீண்டும் அளக்கப்பட்டது. ஒரு வேலிக்கு இருபது மா. ஒரு மாவுக்கு நான்கு காணி. ஒரு காணிக்கு நான்கு முந்திரி. அதற்குங் கீழே கீழ்முந்திரி என நுண்ணிய பிரிவுகள். இத்துணை நுட்பமாக அளந்தவர்கள் எதை எவ்வாறு எழுதி வைத்தார்கள் என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் அக்கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைப் பட்டியலிடுகின்றன. முதலில் ஊரின் முழு அளவு சொல்லப்படுகின்றது. பின்னர் வரிக்கு உட்படாத நிலங்கள் கழிக்கப்படுகின்றன. ஊர்நத்தம், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாளர் வாழும் சேரி, உழுகுடிகள் வாழும் சேரி, சுடுகாடு என ஒவ்வொன்றும் தன் பெயரோடு அங்கே நிற்கின்றது. எஞ்சியதே வரி நிலம். வரி பெறாத நிலத்தையும் பெயர் சொல்லி எழுதியமையால், அந்நிலத்தைக் கவர நினைப்பவன் கல்லோடு மோத வேண்டியிருந்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. முதலாம் பராந்தகன் காலத்தவை. அவ்வூரில் ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம் எனத் தனித்தனி வாரியங்கள் இருந்தன. ஓராண்டுப் பொறுப்பு, குடவோலை முறைத் தேர்வு, கணக்குக் காட்டாதவர்க்கு மீண்டும் இடமில்லை.

ஆனால் பழம்பெருமை பேசி அமைதல் அறிவுடைமையாகாது. அவ்வாரியத்தில் அமரக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை வேண்டும் என்பதும் அதே கல்வெட்டிலேயே உள்ளது. அந்த ஊரோ பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். ஏரிக்கரையில் மண் சுமந்தவனுக்கும், மழையிரவில் மடை திறக்க நீரில் மூழ்கியவனுக்கும் அவ்வவையில் இடமில்லை. பொதுநிலம் இருந்தது, பொதுவுரிமை முழுமையாக இருந்ததில்லை. இக்குறையை மறைக்காமல் சொல்வதே, இனிச் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லும் வழி.

சங்கிலி வந்தது

ஆங்கிலேயக் கும்பினியார் முதலில் அளந்தது செங்கற்பட்டுச் சீமையை. 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்பவர் அங்கு ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அவ்வூர்களின் ஓலைக் கணக்குகள், விளைச்சலில் ஏரிப் பராமரிப்புக்கும், தச்சர், கொல்லர், காவலர் முதலியோர்க்கும் பங்கு ஒதுக்கப்பட்டதைக் காட்டுகின்றன. அவற்றின் அருமையைப் பிற்காலத்தில் உணர்த்தியவர்களுள் தரம்பால் முதன்மையானவர். ஊரின் வருவாயில் ஒரு பகுதி ஊரிலேயே தங்கி, ஊரின் நீர்நிலையைக் காத்தது என்பதே அவ்வோலைகள் தரும் பாடம்.

1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தோன்றியது. 1802-இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் இலாம்டன் தம் அடிக்கோட்டை அளந்தார். இந்தியப் பெருநிலம் முழுவதையும் முக்கோணங்களாக அளக்கும் பெரும்பணி அக்கோட்டிலிருந்தே தொடங்கியது. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய சங்கிலி ஊர்தோறும் இழுக்கப்பட்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பாரமகாலில் இரீடும் மன்றோவும் தொடங்கிய இரயத்துவாரி முறை, மன்றோ 1820-இல் ஆளுநரான பின்னர் மாநிலத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. ஒவ்வோர் உழவனும் அரசுக்கு நேரே வரி கட்ட வேண்டும் என்பதே அம்முறை.

சங்கிலியில் குற்றமில்லை, அஃது இழுக்கப்பட்ட நோக்கத்திலேயே குற்றம். அளந்தவன் வரிக்காக அளந்தான். ஆகவே வரி தரும் வயலுக்கு எண் கொடுத்து, எல்லைக்கல் நட்டு, உரியவன் பெயரையும் எழுதினான். வரி தராத ஏரிக்கும் மேய்ச்சற்புலத்துக்கும் எண் கொடுத்தான். உரியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஊரின் பெயரை எழுதாமல் ‘அரசு’ என எழுதினான்.

அவ்வெழுத்துக்குச் சட்டத்தின் வலிமை பின்னரே வந்தது. காடுகளைப் பற்றிய கேள்வி எழுந்தபோது, 1871-இல் சென்னை வருவாய்க் கழகத்தாரே தயங்கினர். ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் வாராத காடு இம்மாநிலத்தில் அரிது. ஊரார் அக்காடுகளைத் தொன்றுதொட்டுத் துய்த்து வருகின்றனர் என்னும் கருத்தில் அவர்கள் எழுதினர். அத்தயக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. 1905-இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. சாலை, ஆறு, ஓடை, ஏரி, குளம், தனியார் உடைமையல்லாத பிற நிலம் அனைத்தும் அரசின் சொத்து என அச்சட்டம் அறைந்தது. ஊரார்க்குரியது ஒரே வரியில் அரசுக்குரியதாயிற்று. அன்றுமுதல், தன் ஊர்ப்பொதுவில் குடிசை போட்ட ஏழை ‘ஆக்கிரமிப்பாளன்’. அவன் கையில் ‘பி மெமோ’ என்னும் தண்டத்தாள். அதே பொதுவில் மாளிகை கட்டும் அரசுத்துறைக்கோ அத்தாள் வருவதில்லை.

சொல் மறைந்தால் நிலம் மறையும்

இங்கே மொழியும் நிலமும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல், குளம், குட்டை, ஊருணி, பொய்கை என நீர்நிலைக்குத் தமிழில் எத்தனை பெயர்! அவை வெறும் அடுக்குச்சொற்கள் அல்ல. ஊருணி என்றால் ஊரார் உண்ணும் நீர். அங்கே மாடு கழுவலாகாது. உள்வாய் என்றால் ஏரியின் உள்ளே நீர் பரவும் இடம். நீர் வற்றிய காலத்திலும் அங்கே கட்டடம் எழலாகாது. வரத்துக்கால் நீரைக் கொணர்வது. மறுகால் மிகைநீரை அடுத்த ஏரிக்குக் கொடுப்பது. கலிங்கு மிகைநீர் வழியும் வாய்; மடை பாசனநீர் செல்லும் வாய். கழுவெளி கடலோரத்தில் மழைநீரையும் ஓதநீரையும் தாங்கும் பரந்த தாழ்நிலம். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு சட்டம் இருக்கின்றது. அச்சட்டத்தை எழுத்தறியாத ஊர்க்கிழவியும் அறிவாள்.

வருவாய்த்துறையின் ஏட்டிலோ இப்பெயர்களுட் பெரும்பாலானவை இல்லை. அங்கே ‘நீர்நிலைப் புறம்போக்கு’, ‘தரிசு’ என்னும் சில சொற்களுக்குள் அத்தனையும் அடைக்கப்பட்டன. அவற்றைச் சுற்றிலும் நிற்பவை பசலி, சமாபந்தி, தாசில், தாலுகா, மராமத்து என்னும் அரபு, பாரசீகச் சொற்கள். வடக்கிலிருந்து வந்த பட்டா, சிட்டா. பசலியாண்டு பொது ஆண்டினும் 590 குறைந்தது. சூலை முதல் நாளில் தொடங்குவது. முகலாயர் போயினர், வெள்ளையரும் போயினர், தமிழ்நாட்டு நிலக்கணக்கு மட்டும் அவர்தம் நாட்காட்டியிலேயே நடக்கின்றது. தன் நிலத்தின் ஏட்டைத் தான் படித்துப் பொருள் காண இயலாத உழவன், அவ்வேட்டில் நேரும் பிழையை எங்ஙனம் கண்டுபிடிப்பான்?

நீரை யாரும் அளக்கவில்லை

நிலப்படத்தில் இன்னொரு பெருங்குறையும் உண்டு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உள்ளன. அவற்றுட் பல தனித்து நிற்பவை அல்ல. ஒன்றோடொன்று கோக்கப்பட்ட தொடர் ஏரிகள். மேலேரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால், அந்நீர் மறுகால் வழியே கீழேரியை அடையும். அதுவும் நிரம்பினால் அடுத்த ஏரியை அடையும். நீர் மூன்று ஊர்களைக் கடக்கும்; நிலப்படமோ ஓர் ஊரின் எல்லையோடு நின்றுவிடும். ஒரே வாய்க்கால் மூன்று ஊரேடுகளில் மூன்று எண்களாகக் கிடக்கும். நடு ஊரில் அவ்வெண்ணைத் ‘தரிசு’ என ஒரு கை மாற்றி எழுதினால் போதும். மேலூரில் வெள்ளம், கீழூரில் வறட்சி. மாற்றி எழுதியவர் யார் எனக் கீழூரார் அறிவதில்லை. ஏனெனில் நடு ஊரின் ஏட்டை அவர்கள் பார்ப்பதில்லை.

வயலை அளந்தார்கள், நீரின் வழியை அளக்கவில்லை. இதன் பயன் சென்னையில் 2015 திசம்பரில் வீடுதோறும் புகுந்தது.

சென்னைக்குள்ளேயே சான்றுகள் உண்டு. மாம்பலத்து ஏரியின்மேல் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி தூர்க்கப்பட்ட நிலத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி உலகம் அமையாது என உணர்த்திய பெரியவர்க்கு ஏரியை அழித்துக் கோட்டம் எடுத்ததைத் தமிழ்ப்பற்றாளரும் வெட்கத்தோடு ஒப்புதல் வேண்டும். மதுரையில் உயர்முறைமன்றத்தின் கிளையே உலகனேரிக் கண்மாய் நிலத்தில்தான் 2004-இல் திறக்கப்பட்டது. நீர்நிலையைக் காக்கும் தீர்ப்புகளும் நீர்நிலையின்மேல் அமர்ந்தே எழுதப்படுகின்றன.

பள்ளிக்கரணைக் கழுவெளி பல்லாயிரம் ஏக்கர் பரந்து கிடந்தது. உழவுக்கு உதவாத நிலம் எனக் கருதப்பட்டமையால் குப்பைமேடும் சாலைகளும் அடுக்குமாடிகளும் அதனை விழுங்கின. எஞ்சிய பகுதியுள் ஏறத்தாழ 1,248 எக்டேர், 2022-இல் உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ‘பயனற்ற நிலம்’ என்ற ஏட்டெழுத்துக்கு உலகமே மறுப்பு எழுதியது. ஆனால் பெரும்பகுதி போன பின்னரே எழுதியது.

எண்ணூரில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1996-இல் நடுவணரசு ஒப்பிய கடற்கரை நிலப்படத்தில் எண்ணூர்க் கழிமுகம் காக்கப்பட வேண்டிய நீர்ப்பரப்பாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னாளில் வேறொரு படத்தில் அந்நீர்ப்பரப்பின் பெரும்பகுதி காணப்படவில்லை. நிலத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது, தாளில் ஓடவில்லை. தாளை நம்பிய தொழிற்சாலைகள் நீரில் மண் கொட்டின. அங்கு வாழ்ந்த மீனவர்களே இரு படங்களையும் பொதுவில் கொணரத் துணை நின்றவர்கள்.

யார் பெயர் இருக்க வேண்டும்?

பொதுநிலத்தைக் காத்தல் என்றவுடன் ஏழையின் குடிசையை இடித்தல் என்று பொருள் கொள்வாரும் உளர். அது பெருந்தவறு. 1892-இல், செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் விடுத்த அறிக்கையின் பயனாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம் எனப்படுவது. அந்நிலம் பிறர்க்குக் கைமாறலாகாது என்பது விதி. எனினும் பல ஊர்களில் அந்நிலம் பிறர் பெயரில் ஏறிக்கிடக்கின்றது. 1994-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணை என்னும் ஊரில் அந்நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், காவலர் துப்பாக்கிச் சூட்டுக்கு இளைஞர் இருவர் உயிரிழந்தனர். ஏட்டில் ஒரு பெயர் மாறுவதன் விலை எத்துணை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மலைவாழ் மக்களின் நிலையும் அதுவே. 2006-இல் காட்டுரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் உரிமை ஆவணம் வழங்குவதற்கு 2008-இல் உயர்முறைமன்றம் விதித்த இடைக்காலக் கட்டுப்பாடு, 2016-இல்தான் உச்சமுறைமன்றத்தால் நீக்கப்பட்டது. எட்டாண்டுகள் வீணாயின. தம் காட்டின் எல்லையைத் தாமே வரைந்து, ஊரவையில் ஒப்பி, அக்காட்டைப் பேணும் உரிமையை அம்மக்களுக்கு அச்சட்டம் அளிக்கின்றது. அவ்வுரிமை எல்லா மலையூர்களுக்கும் சென்று சேர்தல் வேண்டும்.

2011-இல் உச்சமுறைமன்றம் நாடு முழுவதும் ஊர்ப்பொது நிலங்களை மீட்க ஆணையிட்டபோது, அத்தீர்ப்பில் ‘புறம்போக்கு’ என்னும் தமிழ்ச்சொல்லும் இடம்பெற்றது. நிலமற்ற உழைப்பாளர்க்கு முறைப்படி வழங்கப்பட்ட நிலத்தையும், பள்ளி போன்ற பொதுப்பயன்பாட்டையும் வேறாகக் கருதலாம் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. ஏரியின் உள்வாயில் குடிசை இட்டவனுக்கு வேறு வீட்டுமனை கொடுத்து, அதன் பின்னரே அவனை எழுப்புதல் அறம். அவனை மட்டும் எழுப்பிவிட்டு மாளிகையை விட்டுவைத்தல் கொடுமை.

இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு. 2023-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை இயற்றியது; 2024 அக்தோபரில் அது நடைமுறைக்கு வந்தது. 100 எக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்காக, ஓடையும் வாய்க்காலும் நீர்நிலையும் உள்ள அரசு நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க அச்சட்டம் வழி செய்கின்றது. உழவர் அமைப்புகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. 1905-இல் ஊராரிடமிருந்து அரசுக்குச் சென்ற நிலம், அரசிடமிருந்து முதலாளிகளுக்குச் செல்லும் வழி இவ்வாறே திறக்கின்றது.

கோலைக் கையில் எடுத்தவர்கள்

நிலப்படத்தால் இழந்ததை நிலப்படத்தாலேயே மீட்க இயலுமா? இயலும் என்பதற்குத் தொலைவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடா நாட்டின் வடகோடியில் பனிநிலத்தில் வாழும் இனூயிட்டு மக்களின் நாடு, அரசின் படத்தில் ஆளற்ற வெளியாகவே இருந்தது. 1970-களில் அவ்வேடர்கள் ஒவ்வொருவரும் தாம் வாழ்நாளெல்லாம் வேட்டையாடிய வழிகளையும் தங்கிய இடங்களையும் மீன்பிடித்த கரைகளையும் படத்தில் வரைந்தனர். அவை தொகுக்கப்பட்டு 1976-இல் நூலாக வெளிவந்தன. ஆளற்ற வெளி என்பது பொய் என அப்படங்கள் காட்டின. 1993-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஏறத்தாழ 3,50,000 சதுரக் கிலோமீட்டர் நிலத்துக்கு அம்மக்கள் உரிமை பெற்றனர். 1999-இல் நுனாவுத்து என்னும் தன்னாட்சிப் பகுதி பிறந்தது. அம்மக்கள்தொகை தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்தளவும் இல்லை.

ஊரார் செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டு ஊரார் செய்ய வேண்டியது கடினமான செயலன்று. விடாமுயற்சி வேண்டும் செயல்.

முதலாவது, ஊரின் ‘அ’ பதிவேட்டையும் ஊர் நிலப்படத்தையும் புலப்படச் சுவடியையும் படியெடுத்து ஊர்ப்பொதுவில் வைத்தல். கொடுக்க மறுப்பாராயின் 2005-ஆம் ஆண்டின் தகவலுரிமைச் சட்டம் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவுப் புதுப்பிப்புக்கு முற்பட்ட ஏட்டையும் பெறுதல் வேண்டும். பழையதையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிட்டால், எந்தக் குளம் தரிசாயிற்று, எந்த வாய்க்கால் எவர் பெயரில் ஏறிற்று என்பது தானே வெளிப்படும்.

இரண்டாவது, படத்தைக் கையில் ஏந்தி ஊரெல்லையைச் சுற்றி நடத்தல். மூத்தோர் முன் செல்க, இளைஞர் குறித்துக்கொள்க. மாடு மேய்ப்பவரும், மடை திறந்தவரும், விறகு பொறுக்கும் பெண்டிரும் அந்நடையில் இருத்தல் வேண்டும். ஊர்ப்பொதுவை நாள்தோறும் மிதிப்பவர்கள் அவர்களே. அதன் பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்களும் அவர்களே. ஒவ்வொரு குட்டைக்கும் ஓடைக்கும் ஊரார் வழங்கும் பெயரைப் படத்தில் எழுதுக.

மூன்றாவது, மேலூராரையும் கீழூராரையும் அழைத்து, மூவூர்ப் படங்களையும் ஒட்டி, நீரின் வழியை ஒரே படமாக வரைதல். எங்கே ஏரி இறக்கின்றது என்பது அப்பொழுதே கண்ணுக்குத் தெரியும்.

நான்காவது, அப்படத்தைக் கிராம சபை எனப்படும் ஊரவையில் வைத்துத் தீர்மானமாக்குதல். 2022 முதல் தமிழ்நாட்டில் ஊரவை ஆண்டுக்கு ஆறுமுறை கூட வேண்டும் என வகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாள். மேய்ச்சற்புலம், களம், வண்டிப்பாதை, தோப்பு, சுடுகாடு ஆகியவற்றை 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஊராட்சியின் பொறுப்பில் வைத்துள்ளது. உள்ள அதிகாரத்தையே பயன்படுத்தாதவர்கள் இல்லாத அதிகாரத்தைக் கேட்பது எங்ஙனம்?

ஐந்தாவது, மீட்டதைப் பேணுதல். வண்டலை வயலுக்கு அள்ளுதல், கரையைக் காத்தல், மேய்ச்சலுக்கு முறை வைத்தல், மீனிலும் மரத்திலும் வரும் வருவாயை அந்நீர்நிலைக்கே செலவிடுதல். பழைய ஓலைக் கணக்கு சொன்னதும் இதுவே. ஆனால் பழைய வாரியத்தில் இல்லாத ஒன்று புதிய வாரியத்தில் இருத்தல் வேண்டும்: நிலமுடையவனும் நிலமற்றவனும், ஆணும் பெண்ணும், ஊரும் சேரியும் அங்கே ஒத்த உரிமையோடு அமர வேண்டும். அவ்வாறன்றி மீட்கப்படும் பொது, பொதுவாகாது.

பெரியோர்களே! ஓர் இனத்தின் நாடு என்பது அவ்வினம் பாடும் பாட்டில் மட்டும் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தின் தூசு படிந்த அலமாரியிலும் இருக்கின்றது. அவ்வலமாரியைத் திறந்து பார்க்காதவர்கள் எல்லையைப் பற்றி முழங்குவதாற் பயனில்லை. தன் ஊர்க்குளத்தின் எண்ணை அறியாதவன், அக்குளம் காணாமற் போகும் நாளையும் அறியான்.

புறம்போக்கு யாருடையது? வரியேட்டுக்குப் புறம்பானது, வாழ்வுக்கு அகமானது. அஃது ஊராருடையது. ‘அரசு’ என்று ஒற்றைச் சொல்லால் எழுதப்பட்ட இடத்தில் ஊரின் பெயர் மீண்டும் எழுதப்படும் நாளில், அச்சொல் வசைச்சொல்லாக இராது. உரிமைச் சொல்லாக நிமிரும்.

ஊர் நிலம் ஊரார்க்கே! ஏரியும் எல்லையும் உழைப்பார்க்கே!